ஜே.இ. அல்ல, நிப்பா: 1998-99 மூளைக்காய்ச்சல் தரும் வரலாற்றுப் பாடம்



1974-இல் நம்ம கெடாவைச் சேர்ந்த லங்காவியிலும், 1988-இல் பக்கத்துப் பினாங்கிலும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பரவியது. சுருக்கமாக ஜே.இ. என்பார்கள். வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசுதான் இதைப் பரப்புகிறது. கிருமி பெருகும் இடம் பன்றியின் உடல். வயலும் தோட்டமும் நிறைந்த கெடாவில் வாழும் நமக்கு இது அந்நியமான செய்தி அல்ல. இந்தப் பின்னணியை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

1998 செப்டம்பர் இறுதியில், பேராக் மாநிலத்தின் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணையாளர்களுக்குக் காய்ச்சலும் தலைவலியும் வந்தன. சில நாள்களில் மயக்கம், வலிப்பு, மரணம். பன்றி, கொசு, மூளைக்காய்ச்சல் மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்திருந்தன. சிலருடைய பரிசோதனையில் ஜே.இ. அறிகுறியும் தெரிந்தது. "இது ஜே.இ.தான்" என்று முடிவாயிற்று. கொசு மருந்துப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். அன்றிருந்த சான்றுக்கு அது நியாயமான முடிவுதான்.

ஆனால் சாவு நிற்கவில்லை. நோய் தெற்கே நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வரை போயிற்று. "ஊசி போட்டும் ஏன் செத்தார்?" என்று குடும்பங்கள் கேட்டன. அந்தக் கேள்விதான் இந்த வரலாற்றின் திருப்புமுனை.

பொருந்தாத சான்றுகளைப் பாருங்கள்:

1. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்கள் உழைக்கும் வயதுப் பெரியவர்கள்.
2. ஒரே வீட்டில் பன்றியைத் தொட்டு வேலை செய்த பலர் நோயுற்றனர். அதே கொசு கடித்த அக்கம்பக்கத்து மலாய்க்காரர்கள் தப்பினர்.
3. பன்றிகளே பலமாக இருமி நோயுற்றன. ஜே.இ. வளர்ந்த பன்றியை அப்படி வாட்டுவதில்லை.
4. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றார்கள்.

மூளைப் பரிசோதனையும் வேறு கதை சொன்னது. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 94 நோயாளிகளை ஆராய்ந்தார்கள். அவர்களில் 93 விழுக்காட்டினர் நோய் வருவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் பன்றியோடு பழகியவர்கள். ஈ.ஈ.ஜி.யில் மூளை அலைகள் மெதுவாகியிருந்தன. எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் வெண்பகுதியில் சில மில்லிமீட்டர் அளவேயான புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஜே.இ. என்றால் மூளையின் ஆழத்திலுள்ள தலாமஸ் பகுதிதான் பெரும்பாலும் பாதிக்கப்படும். இங்கே கிருமி மூளையின் சிறு இரத்தக் குழாய்களைப் புண்ணாக்கி அடைத்திருந்தது. அந்தப் புள்ளிகளுக்குக் காரணம் அதுதான்.

1999 மார்ச் தொடக்கத்தில் அதே பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வாளர் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா நோயாளி ஒருவரின் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். மாதிரியை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்துக்குக் கொண்டு போய், எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். ஜே.இ. குடும்பமே இல்லை! 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதர்களையும் தாக்கிய ஹெண்ட்ரா கிருமியின் உறவு அது. அந்தக் கிராமத்தின் பெயரே அதற்கு 'நிப்பா' என்று நிலைத்தது.

பிறகு என்ன ஆச்சு? கவனம் கொசுவிலிருந்து பன்றிக்குத் திரும்பியது. இராணுவத்தின் உதவியோடு 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மே மாதத்தோடு நோய் அடங்கியது. மலேசியாவில் நோயுற்றோர் 265 பேர், இறந்தோர் 105 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பாதிக்கப்பட்டவர்களில் சீனர்கள் அதிகம், இந்தியத் தொழிலாளர்களும் இருந்தனர். சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளர்கள் 11 பேர் நோயுற்று, ஒருவர் இறந்தார். பிழைத்தவர்களில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்ப வந்தது. பல குடும்பங்கள் தொழிலையே இழந்தன.

கிருமியின் மூல இருப்பிடம் பழந்தின்னி வௌவால். பண்ணைக்குப் பக்கத்துப் பழமரங்களுக்கு வந்த வௌவால்களிடமிருந்து பன்றிக்குப் போயிருக்கிறது. 2018 மே மாதம் கேரளத்தின் கோழிக்கோட்டில் நிப்பா வந்து 17 பேர் இறந்தனர். ஆனால் மருத்துவர்கள் சந்தேகப்பட்ட சில நாள்களிலேயே கிருமி இன்னதென்று உறுதியாயிற்று. மலேசியாவில் அதற்கு ஐந்து மாதத்துக்கும் மேல் ஆனது. சுங்கை நிப்பாவில் கற்றது கோழிக்கோட்டில் உதவியது.

தேர்வெழுதும் மாணவர்களே, 'காரணம், விளைவு' கேள்விக்கு விடை எழுதும்போது, முதல் முடிவு தவறு என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாதீங்க. அது ஏன் நம்பத்தக்கதாக இருந்தது, எந்தச் சான்று அதை உடைத்தது, அதனால் நடவடிக்கை எப்படி மாறியது என்ற மூன்றையும் வரிசையாக எழுதுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி: சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய் பக்கத்து மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டியிடம் 1999-ஐப் பற்றிக் கேட்டு வரட்டும். சந்தையில் இறைச்சிக் கடை எப்படி இருந்தது? தோட்டத்தில் புகை அடித்தார்களா? எதற்குப் பயந்தார்கள்? கேட்டதை மேலே சொன்ன காலவரிசையோடு ஒப்பிட்டு, எது நேரில் கண்டது, எது காதில் விழுந்தது என்று இரண்டு பட்டியலாகப் பிரிக்கச் சொல்லுங்கள். வாய்மொழிச் சான்றை மதிப்பிடும் பயிற்சி அது.