விடுதலை இறையியல்

விடுதலை இறையியல் என்பது வறுமையையும் ஒடுக்குமுறையையும் ஏழைகளின் நிலையிலிருந்து நோக்கி, அதன் வழியே கிறித்தவ நம்பிக்கையை விளக்கும் இறையியல் போக்கு ஆகும். இது 1960களில் இலத்தீன் அமெரிக்கக் கத்தோலிக்கரிடையே உருவானது. பெரு நாட்டுக் குருவான குஸ்தாவோ குத்தியேரஸ் (1928–2024) 1971இல் வெளியிட்ட நூல் இதன் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது.

தோற்றம்

1968இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய இலத்தீன் அமெரிக்க ஆயர்கள், அநீதியான சமூக அமைப்பையே ஒருவகை வன்முறையாகக் கண்டனர். 1979இல் மெக்சிகோவின் புவெப்லா நகரில் கூடியபோது, ஏழைகளுக்கு முன்னுரிமை என்னும் கொள்கையை வெளிப்படையாக ஏற்றனர். பிரேசில் முதலிய நாடுகளில் சிறு குழுக்களாகக் கூடிய எளிய மக்கள், தம் அன்றாடச் சிக்கல்களோடு இணைத்து விவிலியத்தை வாசித்தனர். எகிப்திய அடிமைத்தளையிலிருந்து இசுரயேலர் வெளியேறிய வரலாறு இவ்வாசிப்பில் முதன்மை பெற்றது.

ஒடுக்குமுறை பற்றிய பார்வை

ஏழ்மை விதியன்று, தனிமனிதரின் சோம்பலால் வருவதுமன்று, சமூக அமைப்பே அதனை உருவாக்குகிறது என்பது இதன் அடிப்படைக் கருத்து. இதற்கு மார்க்சிய வர்க்கப் பகுப்பாய்வும் சார்புக் கோட்பாடும் கருவிகளாயின. சமூகத்தை விளக்குவதோடு நில்லாமல் மாற்றவும் முற்படுவதில், மாக்ஸ் ஹோர்க்ஹைமர் 1937இல் வரையறுத்த விமர்சனக் கோட்பாட்டை இது ஒத்துள்ளது. எனினும், இங்கு அநீதி கடவுளுக்கு எதிரான பாவமாகவும் கொள்ளப்படுகிறது. ஒடுக்கப்பட்டோர் தம் விடுதலையின் மூலம் ஒடுக்குவோரையும் மனிதராக்குகின்றனர் என்னும் பிரேசில் கல்வியாளர் பவுலோ பிரெயிரேயின் கருத்து இதனோடு நெருங்கியது.

எதிர்ப்பும் விமர்சனமும்

மார்க்சியக் கருத்துகளை ஆய்வின்றி ஏற்பது நம்பிக்கையை அரசியலாகச் சுருக்கிவிடும் என 1984இல் வத்திக்கான் எச்சரித்தது. 1986இல் வெளியிட்ட மற்றோர் ஆவணத்தில் விடுதலை பற்றிய கிறித்தவப் போதனையை விரிவாக விளக்கியது. எல் சால்வதோரில் ஏழைகளுக்கு எதிரான வன்முறையைக் கண்டித்த பேராயர் ஒஸ்கார் ரொமேரோ, 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றுகையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2018இல் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது.

இந்தியாவில்

வர்க்கப் பகுப்பாய்வு மட்டும் சாதியை விளக்கப் போதாது என்ற விமர்சனத்திலிருந்து 1980களில் தலித் இறையியல் வளர்ந்தது. அரவிந்த் நிர்மல் இதன் முன்னோடிகளுள் ஒருவர். மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியைச் சேர்ந்த தியாபிலஸ் அப்பாவு (பறட்டை), நாட்டுப்புற இசையை வழிபாட்டிற்குக் கொணர்ந்தார். ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்பதைச் சமத்துவத்தின் அடையாளமாக்கினார்.

இவற்றையும் பார்க்க

தலித் இறையியல்
கறுப்பின இறையியல்
பவுலோ பிரெயிரே