இடுப்பில் நின்ற களிசான்: கொஞ்சம் வரலாறு, கொஞ்சம் கணக்கு



"சேர், பழைய இங்கிலீஷ் படத்தில வாற மாதிரி, தொப்புளுக்கு மேல ஏத்திப் போடுற லோங்ஸ் விலை குறைச்சு எங்க எடுக்கலாம்?"

உயர்தரம் முடித்த பிள்ளைகள் அண்மைக் காலமாக அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஒன்லைனில் பார்த்திருக்கிறார்கள். வெளிநாட்டு விலையோடு அனுப்பு செலவும் வரியும் சேர, ஒரு களிசானுக்கு ஒரு மாதச் சாப்பாட்டுச் செலவு போய்விடும். "மூன்று தவணையில் கட்டலாம்" என்ற விளம்பரமும் கூடவே வருகிறது. உடுப்புக்காகக் கடனில் விழுவதற்கு முன்னர் இந்த உடுப்பின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். விலை குறைவாக எடுக்கும் வழியும் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் சொல். களிசான் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். சிங்களத்தில் கலிசம என்பதும் அதே வேரிலிருந்து வந்ததுதான். சப்பாத்து, அலுமாரி எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. எங்கள் மூத்தாப்பாமார் உடுத்தது சாரன். சாரனை எங்கே கட்டுவார்கள்? தொப்புளுக்கு மேலே, இடுப்பு ஒடுங்கும் இடத்தில். இன்றைக்கு 'ஹை வெயிஸ்ட்' என்று பெயர் வைத்து விற்கும் இடமும் அதே இடம்தான். எங்களுக்கு அது புதிதல்ல.

எங்கள் சமூகத்தில் படித்தவர்களிடையே கோட்டும் களிசானும் பரவிய காலம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதி. 1883இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு இங்கு வந்த ஒராபி பாஷாவும் தோழர்களும் மேனாட்டு உடையோடு துருக்கித் தொப்பி அணிந்தவர்கள். அந்தத் தொப்பி எங்கள் அடையாளமாகவே மாறியது. 1905இல் சட்டத்தரணி எம். சி. அப்துல் காதர் தொப்பியோடு உயர் நீதிமன்றத்தில் தோன்றத் தடை வந்தபோது, மருதானைப் பள்ளிவாசல் முற்றத்தில் மக்கள் திரண்டார்கள். உடுப்பு என்பது வெறும் துணி அல்ல என்பதற்கு இது ஒன்றே போதும். அந்தக் காலத்துப் படங்களை உற்றுப் பாருங்கள். கோட்டுக்குள் களிசான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று தெரியும்.

அப்படி உயரமாகத் தைத்ததற்குக் காரணம் இருந்தது. அப்போது மேனாட்டு ஆண்கள் பெல்ட் கட்டவில்லை. தோளில் மாட்டும் பிரேஸஸ் பட்டியில்தான் களிசான் தொங்கியது. மேலே கைகளில்லாத வெயிஸ்ட்கோட் போடுவார்கள். வெயிஸ்ட்கோட்டுக்கும் களிசானுக்கும் நடுவே சேட்டு எட்டிப் பார்ப்பது அலங்கோலம். ஆகவே களிசான் மேலே ஏறியே நிற்கவேண்டும். தோளில் தொங்கும் துணி இடுப்பை இறுக்காது, கால் வரை நேராக விழும். முன்னால் வைக்கும் பிளீட் மடிப்பு, உட்காரும்போது விரிந்து இடம் கொடுக்கும். அழகு என்று நாங்கள் நினைப்பதில் பாதி, வசதிக்காகச் செய்த வேலை.

இது பணக்காரரின் உடுப்பாகத்தான் இருந்ததா? இல்லை. 1920களிலும் 30களிலும் இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் இதைத் தொழிலாளியின் உடுப்பாக்கியது. லித்துவேனியாவிலிருந்து வந்த யூதக் குடியேறி மொண்டேகு பேர்ட்டன் தொடங்கிய கடைகள் 400க்கும் மேலாகப் பெருகின. கடையில் அளவு எடுப்பார்கள், லீட்ஸிலுள்ள தொழிற்சாலையில் அந்த அளவுக்கே வெட்டித் தைப்பார்கள், முடிந்த உடுப்பு கடைக்குத் திரும்பி வரும். அந்த ஒரு தொழிற்சாலையில் ஏறத்தாழ 10,000 பேர் வேலை செய்தார்கள். 'ஐம்பது ஷிலிங் டெய்லர்ஸ்' என்று விலையையே பெயராக வைத்த இன்னொரு கடை வரிசையும் இருந்தது. அந்தக் காலத்தில் மலிவு என்றால் மட்டமானது என்று பொருளில்லை. தன் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்த களிசானைச் சுரங்கத் தொழிலாளியும் போட்டான்.

பிறகு யுத்தம் வந்தது. 1941 ஜூன் மாதம் பிரித்தானியாவில் உடுப்புக்குக் கூப்பன் முறை தொடங்கியது. ஓர் ஆளுக்கு முதல் வருடம் 66 கூப்பன். ஒரு கம்பளிக் களிசானுக்கு மட்டும் 8 போய்விடும். 1942இல் களிசானின் கீழ்மடிப்பையே தடைசெய்தார்கள், துணி மிச்சம் பிடிக்க. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? நீளம் கூடியதை வாங்கி வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1944இல் அந்தத் தடையை எடுத்துவிட்டார்கள். யுத்தம் முடிந்து வீடு திரும்பிய சிப்பாய்களுக்கு அரசாங்கமே ஒவ்வொரு சூட் கொடுத்தது. 'விண்டேஜ்' என்று இன்று தேடி வாங்கும் மாதிரிகளில் ஒன்று, அந்தச் சிப்பாய்களுக்கு இலவசமாகக் கிடைத்த உடுப்பு!

அதே வருடங்களில் அமெரிக்காவில் நடந்தது இன்னும் கவனிக்கவேண்டியது. கறுப்பின, மெக்சிக்க வம்சாவளி இளைஞர்கள் 'ஸூட் சூட்' என்ற உடுப்பை விரும்பினார்கள். களிசான் நெஞ்சுக்குக் கிட்ட ஏறி நிற்கும், முழங்காலில் அகலம், கணுக்காலில் இறுக்கம். யுத்தக் காலத்தில் இவ்வளவு துணியா என்று வெள்ளையருக்குக் கோபம். 1943 ஜூனில் லொஸ் ஏஞ்சல்ஸில் கடற்படைச் சிப்பாய்கள் தெருத் தெருவாக அந்த இளைஞர்களைப் பிடித்து அடித்து, உடுப்பைக் கழற்றிக் கிழித்தார்கள். பிரச்சினை துணியின் அளவு மட்டுமல்ல, அதை உடுத்தியவன் யார் என்பதும்தான்.

பிற்காலத்தில் மல்கம் எக்ஸ் என்று உலகம் அறிந்த மனிதரும் பொஸ்டனில் இளைஞராக இருந்தபோது இதே ஸூட் சூட்டைப் போட்டவர். முதல் சூட்டை அவர் எடுத்தது கடனுக்கு. தன் சுயசரிதையில் அதைச் சொல்லியிருக்கிறார். கையில் காசில்லாத பையனுக்கு "இப்போது எடு, பிறகு கட்டு" என்று விற்கும் வியாபாரம் நேற்று வந்ததல்ல. தவணை விளம்பரத்தைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இடுப்பு ஏன் கீழே இறங்கியது? வெயிஸ்ட்கோட் போவது குறைந்தது. பிரேஸஸின் இடத்தைப் பெல்ட் பிடித்தது. லெவைஸ் ஜீன்ஸில் பெல்ட் லூப் வந்தது 1922இல். பிரேஸஸ் மாட்டும் பொத்தான்களை 1937இல் எடுத்துவிட்டார்கள். பெல்ட் இடுப்பெலும்பில் தங்கும் பொருள், ஆகவே களிசானும் மெல்ல மெல்ல அங்கே இறங்கியது. 1960களில் இடுப்புக்குக் கீழே நிற்கும் 'ஹிப்ஸ்டர்' வந்தது. 1990களுக்குப் பிறகு இன்னும் கீழே. ஆயத்த உடுப்பு பெருக, எங்கள் ஊர்க் கடைகளிலும் தாழ்ந்த இடுப்பைத் தவிர வேறொன்றும் இல்லாமல் போனது.

அதன் விளைவைப் பள்ளிவாசல் வரிசையில் நிற்பவர்களிடம் கேளுங்கள். ருகூவிலும் சுஜூதிலும் சேட்டு மேலேறுகிறது, களிசான் கீழிறங்குகிறது, பின்னால் நிற்பவர் கண்ணை மூடவேண்டியிருக்கிறது. தொப்புளிலிருந்து முழங்கால் வரை மறைக்கவேண்டும் என்று படித்த பிள்ளைகள்தான் இவர்கள். வேண்டுமென்று செய்வதில்லை. கடையில் கிடைப்பது அதுதான். உயர்ந்த இடுப்புக் களிசான் இந்தப் பிள்ளைகளின் 'பெஷன்' ஆசையையும் பெரியவர்களின் மனக்குறையையும் ஒரே வெட்டில் தீர்க்கும்.

இனி கணக்கு.

களிசானின் வெளி நீளத்திலிருந்து உள்கால் நீளத்தைக் கழித்தால் வருவதுதான் 'ரைஸ்'. வெளி நீளம் 39, உள்கால் 30 அங்குலம் என்றால் ரைஸ் 9. அது தாழ்ந்த இடுப்பு. அதே ஆளுக்கு வெளி நீளம் 42 வைத்தால் ரைஸ் 12. முழு வித்தியாசமும் இந்த 3 அங்குலம்தான்! ஆயத்தக் களிசானில் பெரிய சைஸ் எடுத்தால் இது வராது. இடுப்பு அகலும், உயரம் பெரிதாகக் கூடாது.

ஆகவே டெய்லரிடம் போங்கள். டேப்பைத் தொப்புள் மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். இடுப்பெலும்பில் அளவெடுத்துப் பழகிய கை, சொல்லாவிட்டால் அங்கேதான் போகும். பக்கத்துக்கு ஒன்றோ இரண்டோ பிளீட், அகலமான இடுப்புப் பட்டி. பெல்ட் லூப்புக்குப் பதிலாக இரு பக்கமும் சிறு பட்டியும் பக்கிளும் வைக்கலாம். பின்நடுத் தையலில் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே விடச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு வயிறு வைத்தாலும் அவிழ்த்து விடலாம். 58 அங்குல அகலத் துணி ஒன்றரை மீற்றர் போதும். எங்கள் வெயிலுக்குக் கம்பளி வேண்டாம், பருத்தி ட்ரில் அல்லது லினன் கலப்பு நல்லது.

இன்னும் மலிவாக வேண்டுமா? வாப்பாவின் அலுமாரியைத் திறவுங்கள். 1980களில் தைத்த களிசான் ஒன்று மடித்தபடி கிடக்கலாம். உயர்ந்த இடுப்பைச் சிறிதாக்கலாம், காலை ஒடுக்கலாம். தாழ்ந்த இடுப்பை உயர்த்துவதற்குத்தான் துணி இருக்காது.

கடைசியாக ஒன்று. லீட்ஸ் தொழிற்சாலை செய்த வேலையை எங்கள் சந்தியிலுள்ள டெய்லர் காக்கா ஒரு மெஷினோடு தனியாகச் செய்துகொண்டிருக்கிறார். தை மாதத்துப் பாடசாலைச் சீருடையும் இரண்டு பெருநாளும்தான் அவருக்கு வருமானம். நடுவிலுள்ள மாதங்களில் ஸிப் மாற்றுவதும் கிழிசல் தைப்பதும்தான். அவருடைய பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. பிளீட் பிடிக்கத் தெரிந்த அந்தக் கை ஓய்ந்துவிட்டால், பிறகு எவ்வளவு காசு வைத்திருந்தாலும் இந்தக் களிசான் ஊரில் கிடைக்காது. வெளிநாட்டுக்குத் தவணை கட்டுவதற்குப் பதில், அந்தப் பணத்தில் பாதியை அவருக்குக் கொடுங்கள். பெருநாளுக்கு முதல் கிழமை போகாதீர்கள், இப்போதே போங்கள். அவரும் ஆறுதலாகத் தைப்பார்.

உங்கள் வீடுகளில் மூத்தாப்பாமார் கோட்டும் களிசானும் போட்டு எடுத்த பழைய படங்கள் இருந்தால் கீழே போடுங்கள். எந்த வருடம், எந்த ஊர், யார் தைத்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள். எங்கள் ஊர் டெய்லர்மாரின் வரலாற்றை இன்னும் யாரும் எழுதவில்லை. அதை எல்லோரும் சேர்ந்துதான் எழுதவேண்டும்.