சோற்றுக் கணக்கும் படிப்புக் கணக்கும்

வந்தவாசிப் பக்கத்தில் வேடல் என்று ஒரு சிற்றூர் உண்டு. எங்கள் நயினார் குடும்பங்களுக்குப் பழக்கமான பகுதிதான். அவ்வூர்ப் பாறையில் ஆதித்த சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, கி.பி. 885ஐ ஒட்டியது என்பர் ஆய்வாளர். அதில் கனகவீரக் குரத்தியார் என்னும் சமணப் பெண் துறவியும், அவரிடம் பாடம் கேட்ட ஐந்நூறு மாணவியரும் வருகிறார்கள். இவர்களுக்கும் அங்கேயிருந்த வேறு நானூறு பேருக்கும் ஒத்துப்போகவில்லை. முடிவில், குரத்தியாரையும் அவர் மாணவியரையும் காத்துச் சோறிடும் பொறுப்பை அவரைச் சார்ந்த இல்லறத்தார் ஏற்றுக்கொண்டார்கள்.

தமிழ்ப் பெண்கள் அன்றே படித்தார்கள் என்பதற்கு இக்கல்வெட்டை மேடைதோறும் சொல்கிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் வியாபாரியாகிய என் கண்ணில் படுவது அதன் கடைசிச் செய்தி. இத்தனை பேர் படிக்கிறார்களே, சோற்றுக்கு யார் பொறுப்பு என்று கல்லில் எழுதிவைத்தார்கள் பாருங்கள், அதுதான். சமணம் சொல்லும் நால்வகைத் தானத்தில் சாஸ்திர தானம் ஒன்று, ஆகார தானம் ஒன்று. இரண்டும் ஒரே பட்டியலில் இருப்பது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

விழுப்புரம் பக்கத்து எண்ணாயிரம் இன்னும் கணக்காகப் பேசுகிறது. (எண்ணாயிரம் என்ற பேரைக் கேட்டாலே எங்கள் ஆட்களுக்கு வேறு நினைவு வரும். அது இங்கே வேண்டாம்.) முதலாம் இராசேந்திரன் காலத்தில் அங்கே நடந்த கல்லூரியில் இளநிலை மாணாக்கர் 270 பேர், மேல்நிலை மாணாக்கர் 70 பேர். இளையவருக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல், மூத்தவருக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. கூட்டிப் பார்த்தேன். மாணவருக்கு மட்டும் நாள்தோறும் 2,320 நாழி. களக் கணக்கில் 24 களம் 2 குறுணி. நெல்லைக் குத்தினால் பாதி அரிசி தேறும் என்று வைத்துக்கொண்டாலும் இளையவனுக்கு மூன்று நாழி அரிசி. ஒரு பையன் ஒரு நாளில் தின்று தீர்க்க முடியாத அளவு. மிச்சம்தான் மோருக்கும் உப்புக்கும் காய்க்கும் துணிக்கும் போயிருக்க வேண்டும். வீரராசேந்திரன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டிலே (கி.பி. 1067) மாணவர் சனிக்கிழமை தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்குக்கூட ஏற்பாடு இருக்கிறது. இந்த இரண்டு இடமும் வேதம் ஓதுவோருக்காக ஏற்பட்டவை. மற்றவர் பிள்ளைகளுக்கு அங்கே இலை போடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அப்படியிருந்தும் ஒரு விஷயம் கவனிக்கத்தக்கது. அளவு நாள் கணக்கில் இருக்கிறது. பசி நாள்தோறும் வருவது. படியும் நாள்தோறும் அளக்கப்பட்டது.

நாம் பிழைக்க வந்த இந்தப் புனே நகருக்கு வருவோம். 1885இல் பெர்குசன் கல்லூரி வந்தது. கொங்கணத்திலிருந்தும் தேசப் பகுதியிலிருந்தும் கையில் காசில்லாத பிராமணப் பையன்கள் படிக்க வந்தார்கள். அவர்கள் சாப்பாட்டுக்கு இரண்டு வழி. ஒன்று மாதுகரி: சதாசிவ பேட்டை, நாராயண பேட்டை வீடுகளில் வாசல் வாசலாக நின்று சமைத்த சோறு வாங்கிக்கொள்வது. பூவுக்குப் பூ தேனீ எடுப்பது போல என்று பொருள். நம் முனிவர்கள் ஆகாரம் கொள்வதற்கும் இதே தேனீ உவமையைத்தான் நூல்கள் சொல்லும். மற்றது 'வார்' வைத்துச் சாப்பிடுவது: திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு என்று ஏழு வீடு. நம்மூரில் வாரச் சாப்பாடு என்று சொன்னதும் இதுவேதான். 1909இல் ஏற்பட்ட அநாத வித்யார்த்தி கிருஹம் (இன்றைய புணே வித்யார்த்தி கிருஹம்) இப்படிப்பட்ட ஏழை மாணவர்களுக்காகவே தோன்றியது.

மாதுகரியை இன்று இகழ்ந்து பேசுவது சுலபம். நான் இகழ மாட்டேன். அதில் படித்து முன்னுக்கு வந்தவர்கள் பலர். ஆனால் அந்த வாசல்கள் எல்லாருக்கும் திறக்கவில்லை. குன்பியின் மகனோ மகாரின் மகனோ அங்கே போய் நிற்க முடியுமா? படிப்பு வேண்டுமென்றால் அவனுக்கு வேறு அடுப்பு வேண்டியிருந்தது.

அந்த அடுப்பை மூட்டியவர் கர்மவீர் பாவுராவ் பாட்டீல். 22 செப்டம்பர் 1887இல் கோல்ஹாப்பூர்ச் சீமையில் கும்போஜ் என்ற ஊரில் ஜைன விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். கும்போஜ் நமக்கு பாகுபலி மலையால் தெரிந்த ஊர். இவராலும் தெரிந்திருக்க வேண்டும். நம் சங்கத்திலேயே அவர் ஜைனர் என்று அறிந்தவர் சிலர்தான். கோல்ஹாப்பூர் ஜைன போர்டிங்கில் தங்கிப் படிக்கும்போது, 1908இல் தாழ்த்தப்பட்ட மாணவருக்கான மிஸ் கிளார்க் விடுதித் திறப்பு விழாவுக்குப் போய்வந்தார். வந்ததும் தீட்டுப் போகக் குளி என்றார்கள். மறுத்தார். போர்டிங்கிலிருந்து வெளியே அனுப்பினார்கள். தீட்டு என்பது நம் சமயத்துக்குள் எந்த வாசல் வழியாக வந்தது என்று அன்றே கேட்டிருக்க வேண்டியவர்கள் பெரியவர்கள்; கேட்டது ஒரு பள்ளிப் பையன்.

படிப்பு அவருக்கு அதிகம் ஏறவில்லை. பிறகு கிர்லோஸ்கர் இரும்புக் கலப்பைக்கு ஊர் ஊராகப் போகும் விற்பனையாளராக இருந்தார். கலப்பை விற்கப் போன இடமெல்லாம் பள்ளியில்லாத ஊர்களைக் கண்டார் போலும். ஜோதிராவ் புலேயின் சத்யசோதக் வழியில் நின்றவர். 4 அக்டோபர் 1919 அன்று கராட் பக்கத்துக் காலே என்ற ஊரில் ரயத் சிக்ஷண் சன்ஸ்தாவைத் தொடங்கினார். ரயத் என்றால் குடியானவன். 1924இல் சாத்தாராவில் விடுதி வைத்தார். மராட்டா, மகார், மாங், ஜைனர், முஸ்லிம் என்று எல்லாப் பையன்களும் ஒரே பந்தி, ஒரே சமையல், அதுவும் அவர்களே சமைத்தது. 1927இல் அந்த விடுதிக்குச் சத்ரபதி சாகு பெயரைச் சூட்டியவர் காந்தியடிகள். வீட்டுக்கு வீடு பிடி தானியம் எடுத்துவைக்கும் முஷ்டி பண்டு நடந்தது. அதுவும் போதாத நாளில் மனைவி லட்சுமிபாய் நகைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்தார்; கடைசியில் மங்கள சூத்திரமும் போயிற்று. பையன்களுக்குச் சோறு தட்டக்கூடாது. அந்த அம்மையார் 1930இல் காலமானார். கர்மவீரரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இவரை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். நானும் இடமின்மையால் அதையே செய்கிறேன்.

1932இல் ஏரவாடா சிறையில் புனே ஒப்பந்தம் கையெழுத்தானதல்லவா, அதன் நினைவாக அதே ஆண்டு புனேயில் யூனியன் போர்டிங் ஹவுஸ் தொடங்கினார். 1947இல் சாத்தாராவில் சிவாஜி கல்லூரி. இங்கேதான் 'கமவா ஆணி சிகா', அதாவது சம்பாதி, படி என்ற முறை கல்லூரி அளவில் உருப்பெற்றது. மாணவன் வயலில் வேலை செய்வான், கட்டடத்துக்கு மண் சுமப்பான். அதற்கு ஈடாக உணவும் படிப்பும். 1959இல் பத்மபூஷண், அதே ஆண்டு புனே பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம். மே 9ஆம் தேதி இதே புனேயில் உயிர் பிரிந்தது.

மாதுகரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரியது. அங்கே கொடுப்பவர் கை மேலே, வாங்குபவன் கை கீழே. இங்கே பையன் தன் உழைப்புக்கு உண்கிறான். 1955இல் டாக்டர் அச்யுதராவ் ஆப்டே புனேயில் தொடங்கிய வித்யார்த்தி சகாயக் சமிதியும் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் தங்கலும் உணவும் தந்து, அவர்களிடம் வேலையும் வாங்கிற்று. இன்றைக்குச் சாவித்திரிபாய் புலே புனே பல்கலைக்கழகமும் அதன் கீழுள்ள கல்லூரிகளும் கர்மவீரர் பெயரிலேயே சம்பாதி-படி திட்டத்தை நடத்துகின்றன. மாணவர் நூலகத்தில், அலுவலகத்தில், தோட்டத்தில் தினம் சில மணி நேரம் வேலை செய்தால் மணிக்கு இவ்வளவு என்று கூலி.

திட்டம் நல்ல திட்டம். ஆனால் பேர் ஒன்றானாலும் கணக்கு மாறிவிட்டது. இதை மார்க்கெட் யார்டில் அரிசி வியாபாரம் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். மெஸ் நடத்துகிறவர்கள் பலர் என் வாடிக்கையாளர்கள். சாத்தாராவில் காலையில் மண்வெட்டி பிடித்தவன் மத்தியானம் இலையில் உட்கார்ந்தான். இன்றைய மாணவனுக்குக் கூலி மாதம் முடிந்து, கையெழுத்துகள் ஆகி வரும். மெஸ்காரரோ ஒன்றாம் தேதியே முன்பணம் கேட்பார். கேட்கத்தான் வேண்டும், அவர் எனக்குக் கொடுக்க வேண்டாமா? புனேயில் இரண்டு வேளைச் சாப்பாட்டுக்கு இன்று மாதம் மூவாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. இந்த முன்பணத்துக்கும் அந்தக் கூலிக்கும் நடுவே முப்பது, நாற்பது நாள் இருக்கிறதே, அந்த இடைவெளியில்தான் பையன் முதலில் காலைச் சாப்பாட்டை விடுகிறான், பிறகு மெஸ்ஸை விடுகிறான், பிறகு ஊருக்கு வண்டியேறுகிறான். கல்லூரிப் பதிவேட்டில் 'வருகை இல்லை' என்று மட்டும் இருக்கும். உதவித்தொகைகளுக்கும் இதே நோய். தொகை குறைவு என்று எல்லாரும் குறைப்படுகிறார்கள். தாமதம் என்பதுதான் பெரிய குறை. கடன் வாங்கிக் கடை நடத்தியவனுக்கு இது புரியும்.

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் இதைப் புரிந்துகொண்டு 2007இல் ஒரு காரியம் செய்தது. அங்கே சமுதாயக் கல்லூரி என்றால் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சேரும் இரண்டாண்டுக் கல்லூரி. 'ஏசாப்' என்ற திட்டத்தில் சேர்ந்தவருக்குக் கட்டணத்தில் விழும் துண்டை ஈடுகட்டினார்கள், புத்தகச் செலவு கொடுத்தார்கள், ஒவ்வொரு மாதமும் ரயில்-பஸ் பாஸ் கொடுத்தார்கள். பாஸ் வேண்டுமானால் தனக்கென்று வைத்த ஆலோசகரைப் போய்ப் பார்க்க வேண்டும். மாணவர்களைச் சீட்டுக் குலுக்கி இரு கூட்டமாகப் பிரித்து ஆராய்ந்தார்கள். மூன்றாண்டில் பட்டம் பெற்றவர் சாதாரணக் கூட்டத்தில் நூற்றுக்கு 22, திட்டத்தில் இருந்தவரில் நூற்றுக்கு 40. 2015இல் வந்த முடிவு இது. பஸ் பாஸில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். மாதா மாதம் தவறாமல் வருவது இருக்கிறது. ஒருவர் முகம் பார்த்து 'எப்படியப்பா இருக்கிறாய்' என்று கேட்பது இருக்கிறது.

நம் தாய்மாநிலத்திலும் 2022இல் புதுமைப் பெண், 2024இல் தமிழ்ப் புதல்வன் என்று மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் திட்டங்கள் வந்தன. மாதாமாதம் என்பதால் பாராட்டுகிறேன். ஆனால் கிர்கியிலும் தாபோடியிலும் பிம்பிரியிலும் வளரும் நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. தமிழ்நாட்டுப் பள்ளியில் படித்தவர்களுக்கே அது.

சரி, மகாராஷ்டிர அரசு? இங்கேதான் நம்மவர் பலருக்குத் தெரியாத ஒரு கதவு சாத்தியிருக்கிறது. விடுதியில் இடம் கிடைக்காத பட்டியல் சாதி மாணவருக்கு உணவு, வாடகை, கைச்செலவு கொடுக்கும் ஸ்வாதார் திட்டம் இங்கே உண்டு. டாக்டர் அம்பேத்கர் பெயரில் உள்ளது. ஆனால் பட்டியல் சாதிச் சான்றுக்குக் குடும்பம் 10 ஆகஸ்டு 1950க்கு முன்பே இம்மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். பிற பிற்பட்டோருக்கு 13 அக்டோபர் 1967. பிறகு குடிபெயர்ந்து வந்தவருக்குச் சொந்த மாநிலத்துச் சலுகைதான், வந்த மாநிலத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1990இலும், மகாராஷ்டிரத்துச் சான்றிதழ் வழக்கிலேயே 1994இலும் சொல்லிவிட்டது. 1972 வறட்சிக்குப் பின் வந்தவர், எண்பதுகளில் வந்தவர் என்று நம்மில் பெரும்பாலோர் எந்தத் தேதிக்கும் பிந்தியவர்கள். ஆகத் துப்புரவுத் தொழிலாளியின் பேத்தி இங்கே பிறந்து, மராத்தியில் படித்து, மராத்தியில் சண்டை போட்டாலும் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. சட்டம் சரியா தவறா என்று வழக்கறிஞர்கள் பேசட்டும். அதுவரை அந்தப் பெண் என்ன சாப்பிடுவாள்?

நம் சங்கம் ஆண்டுவிழாவில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைகளுக்குக் கேடயமும் ரொக்கமும் கொடுக்கிறது. சந்தோஷம். முதலில் வந்த பிள்ளை பெரும்பாலும் நாம் கொடுக்காவிட்டாலும் படித்துவிடும். நாற்பது மார்க்கில் தொங்குகிறவன்தான் ஜூலை மாதத்து மெஸ் பணத்துக்காகக் கல்லூரியை விடுகிறான். அவன் மேடைக்கு வருவதில்லை, அதனால் நமக்குத் தெரிவதில்லை.

பொதுக்குழுவின் முன் நான் வைப்பது இது. கேடயச் செலவைப் பாதியாக்கி ஒரு சுழல்நிதி வைப்போம். இருபது மாணவருக்கு முதல் மாத மெஸ் பணத்தைச் சங்கம் நேரே மெஸ்காரருக்குக் கட்டிவிடும். சுமார் அறுபதாயிரம் ரூபாய் ஆகும். கூலியோ உதவித்தொகையோ வந்ததும் பையன் சிறுகச் சிறுகத் திருப்பித் தருவான். வட்டி இல்லை. திருப்ப முடியாதவனை யாரும் பேர் சொல்லிக் கேட்கக்கூடாது. வாராக்கடன் இல்லாத வியாபாரம் எங்கே இருக்கிறது? மாதம் ஒருமுறை நம்மில் ஒருவர் அவனோடு அதே மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிட்டு வர வேண்டும். பெண் பிள்ளைகளுக்கு நம் வீட்டுப் பெண்மணிகள் போகட்டும். பெயர்ப் பட்டியலை மலரில் அச்சிடக் கூடாது. முதல் ஆண்டுக்கான அரிசியை மெஸ்காரர்களுக்கு அடக்க விலையில் போட நானும் யார்டில் உள்ள இன்னும் இருவரும் ஒத்துக்கொண்டிருக்கிறோம். கல்லூரிகள் ஜூனில் திறக்கும். பொதுக்குழு மே மாதம் கூடுகிறது.