ரேடியோப் பெட்டியின் முகத்தைப் பார்த்திருக்கிறோமா?

நோன்பு காலத்தில் மஃரிப் பாங்குக்காக ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். உம்மும்மா வீட்டுப் பெட்டியின் கண்ணாடியில் வெளிநாட்டு நகரங்களின் பெயர்கள் வரிசையாக எழுதியிருக்கும். அது வெறும் அலங்காரம் என்றுதான் சிறு வயதில் நாம் நினைத்தோம்.

1933 ஓகஸ்டில், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த சில மாதங்களில், பேர்லின் கண்காட்சியில் ஒரு ரேடியோ அறிமுகமானது. 'மக்கள் வானொலி' என்பது அதன் பெயர். வடிவமைத்தவர் வால்டர் மரியா கேர்ஸ்டிங். பேக்கலைட்டில் வார்த்த எளிமையான, அழகான பெட்டி; விலை 76 மார்க். அதன் இலக்கமான 301, ஹிட்லர் பதவியேற்ற ஜனவரி 30 ஐக் குறித்தது. 1938 இல் 35 மார்க்குக்கு இன்னும் சிறிய பெட்டி வந்தது.

மலிவு நல்லதுதானே? ஆனால் அதில் சிற்றலை கிடையாது. முகப்பில் வெளிநாட்டு நிலையம் ஒன்றின் பெயரும் கிடையாது. 1939 இல் போர் தொடங்கியதும் வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றமானது. அந்த எச்சரிக்கையை அட்டையில் அச்சிட்டு ரேடியோவின் குமிழிலேயே தொங்கவிட்டார்கள். இவ்வளவுக்குப் பிறகும் பலர் இரவில் சத்தத்தைக் குறைத்து பிபிசி கேட்டார்கள்.

1949 இல் இன்றைய சாம்பியாவில் இன்னொரு பெட்டி விற்பனைக்கு வந்தது. மின்சாரமில்லாத கிராமத்து ஏழைகளும் வாங்கக்கூடிய ரேடியோ வேண்டும் என்று அங்கு தகவல் துறையை நடத்திய ஹரி பிராங்க்ளின் அலைந்தார். எவரெடி கம்பனி முன்வந்தது. முதல் மாதிரியைச் சட்டி ஒன்றுக்குள் பொருத்திப் பார்த்ததால் 'சோஸ்பான் ஸ்பெஷல்' என்றே பெயர் நிலைத்தது. அலுமினிய உடல், நீல நிறம், விலை 5 பவுண். பற்றரிக்குத் தனி விலை. அதுவும் காலனி அரசின் திட்டம்தான். ஆனால் அது சிற்றலைப் பெட்டி. லுசாகாவிலிருந்து மக்களின் சொந்த மொழிகளும் வந்தன, தூரத்து நாடுகளின் குரல்களும் வந்தன.

இரண்டுமே மலிவுப் பெட்டிகள். ஒன்று காதை ஒரே பக்கம் திருப்பி வைக்கச் செய்தது. மற்றது காதைத் திறந்துவிட்டது. அந்த வித்தியாசம் இருந்தது முகப்பிலும் உள்ளே இருந்த அலைவரிசையிலும்தான்.

இன்று நம் கையிலுள்ள போனில் எதைக் கேட்பது என்று முள்ளைத் திருப்புவது யார்? நாமா, வேறு யாருமா?

வீட்டுப் பரணில் பழைய ரேடியோ கிடந்தால் பழைய இரும்புக்காரருக்குக் கொடுத்துவிடாதீர்கள். தூசியைத் துடைத்து, முகப்பிலுள்ள ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகளிடம் வாசிக்கச் சொல்லுங்கள்.