பெரும்பான்மையே கிடைக்கல... ஹிட்லர் சர்வாதிகாரி ஆனது எப்படி? வீழ்ந்தது எப்படி?

'ஹிட்லர் தேர்தல்ல ஜெயிச்சுதானே ஆட்சிக்கு வந்தார்?' பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் இது பாதி உண்மைதான். சுதந்திரமாக நடந்த எந்தத் தேர்தலிலும் நாஜி கட்சிக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. அப்புறம் எப்படி நாடே அவர் கைக்குப் போனது? பார்ப்போம்.

2.6 சதவீதக் கட்சி

1923-ல் மியூனிக்கில் ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்று தோற்றார் ஹிட்லர். 5 ஆண்டு சிறைத் தண்டனை. ஆனால் அடுத்த ஆண்டே வெளியே வந்துவிட்டார். 1928 தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்தது வெறும் 2.6% ஓட்டு, 12 இடங்கள்.

ஆட்டத்தை மாற்றியது 1929 பொருளாதார வீழ்ச்சி. சில ஆண்டுகளில் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை. முதல் உலகப் போர் தோல்வியின் அவமானமும் ஆறவில்லை. 'எல்லாத்துக்கும் யூதர்களும் கம்யூனிஸ்டுகளும்தான் காரணம்' என்ற ஹிட்லரின் பிரசாரம் எடுபட்டது. 1932 ஜூலையில் 37.3% ஓட்டுடன் நாஜிதான் பெரிய கட்சி.

கதவைத் திறந்தது யார்?

அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் நாஜிகளின் ஓட்டு 33.1% ஆகக் குறைந்தது. அதாவது, கட்சி இறங்குமுகத்தில் இருந்தது. அப்போதுதான் முன்னாள் பிரதமர் பாப்பன் உள்ளிட்ட பழமைவாதத் தலைவர்கள் ஒரு கணக்குப் போட்டார்கள். ஹிட்லரைப் பதவியில் உட்கார வைத்து, அவருடைய கூட்டத்தைத் தங்களுக்குப் பயன்படுத்திக்கலாம் என்பதே அந்தக் கணக்கு. அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து நாஜிகள் 3 பேர்தானே என்ற தைரியம் வேறு! 1933 ஜனவரி 30-ல் ஜனாதிபதி ஹிண்டன்பர்க் அவரைப் பிரதமராக நியமித்தார்.

53 நாளில் எல்லாம் முடிந்தது

பிப்ரவரி 27: நாடாளுமன்றக் கட்டடத்தில் தீ.
பிப்ரவரி 28: அவசர ஆணை. பேச்சுரிமை, பத்திரிகைச் சுதந்திரம் ரத்து. கம்யூனிஸ்டுகள் ஆயிரக்கணக்கில் கைது.
மார்ச் 5: மிரட்டலுக்கு நடுவே தேர்தல். அப்போதும் நாஜிகளுக்கு 43.9%தான்.
மார்ச் 23: நாடாளுமன்றம் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரம் ஹிட்லர் அரசுக்கு. ஆதரவு 444, எதிர்ப்பு 94.

அந்த 94 ஓட்டும் சமூக ஜனநாயகக் கட்சியுடையது. சீருடை அணிந்த நாஜி படையினர் அவைக்குள் நிற்கும்போதே, அதன் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து எதிர்த்துப் பேசினார். மற்ற கட்சிகள் பயந்தோ, வாக்குறுதியை நம்பியோ கை தூக்கின. ஜூலையில் அந்தக் கட்சிகள் எதுவுமே இல்லை. நாஜி தவிர எல்லாக் கட்சிக்கும் தடை!

வீழ்ச்சி

1935-ல் யூதர்களின் குடியுரிமை பறிபோனது. 1939-ல் போலந்து மீதான படையெடுப்பு இரண்டாம் உலகப் போரானது. சுமார் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 1943 பிப்ரவரியில் ஸ்டாலின்கிராடில் ஜெர்மன் படை சரணடைந்தது. 1944 ஜூனில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கின. 1945 ஏப்ரல் 30-ல் பெர்லின் பதுங்கு அறையில் ஹிட்லர் தற்கொலை செய்துகொண்டார். மே 8-ல் ஜெர்மனி சரண்.

ஜெர்மனி என்ன கத்துக்கிட்டது?

உள்ளே இருந்து கொடுத்த அதிகாரத்தைத் திரும்ப வாங்க உள்ளே யாரும் மிச்சமில்லை. வெளியிலிருந்து படைகள் வர வேண்டியதாயிற்று. அதனால்தான் மேற்கு ஜெர்மனியின் 1949 அரசியல் சாசனம், மனித மாண்பையும் ஜனநாயக அடிப்படையையும் எந்தப் பெரும்பான்மையாலும் நீக்க முடியாது என்று பூட்டுப் போட்டது. ஜனநாயகத்தை ஒழிக்க நினைக்கும் கட்சியைத் தடை செய்யவும் அதில் வழி உண்டு. இன்றைய ஜெர்மனியிலும் அதே சாசனம்தான்.