மாத்திரையைக் குறைத்த வரலாறு: கடும் ஆஸ்துமாவும் ஸ்டீராய்டும்

கடும் ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு மருந்து உயிர் காக்கும் வரமாக வந்தது 1950-களின் தொடக்கத்தில். அதைக் கொடுத்த மருத்துவர்களுக்கே அதை எப்படிக் குறைப்பது என்ற கவலை அதே பத்தாண்டுக்குள் வந்துவிட்டது. அந்தக் கவலைக்கு ஓரளவு நிறைவான விடை கிடைக்க அறுபது ஆண்டுகள் ஆயின. விடையின் முக்கியமான பகுதி 1958-இலேயே ஒருவர் கையில் இருந்தது என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் வருத்தம் தரும் செய்தி.

அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் உள்ள மேயோ கிளினிக்கில் 1948 செப்டம்பரில் ஃபிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் படுக்கையில் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். அட்ரீனல் சுரப்பியிலிருந்து எட்வர்ட் கெண்டல் பிரித்தெடுத்திருந்த பொருள் அது. சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். ஹென்ச், கெண்டல், சுவிட்சர்லாந்தின் ததேயுஸ் ரைக்ஸ்டைன் மூவருக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்குள்ளாகவே பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். மூச்சுத்திணறல் தணிந்தது. 1955-இல் ஷெரிங் நிறுவனம் பிரெட்னிசோனையும் பிரெட்னிசோலோனையும் சந்தைக்குக் கொண்டுவந்தது. கார்ட்டிசோனைவிட வீரியம் பல மடங்கு. உடலில் உப்பும் நீரும் தேங்குவது குறைவு. மாத்திரையாக விழுங்கலாம். ஊசியும் மருத்துவமனைப் படுக்கையும் இல்லாமல் வீட்டிலிருந்தே தினமும் ஸ்டீராய்டு எடுத்துக்கொள்ளும் வழக்கம் அப்படித்தான் பரவியது.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் 1956-இல் இரண்டு ஆய்வுகளை வெளியிட்டது. மூச்சு அடங்காமல் மருத்துவமனைக்கு வந்தவர்களுக்கு கார்ட்டிசோன் தெளிவாகப் பலன் கொடுத்தது. நாள்பட்ட ஆஸ்துமாவிலோ தொடக்கத்தில் தெரிந்த நன்மை மாதங்கள் போகப்போகக் கரைந்துவிட்டது. சராசரிக் கணக்கு அப்படித்தான் சொன்னது. இங்கிலாந்தின் டார்பி நகரில் பணியாற்றிய ஹாரி மாரோ பிரவுன் அந்தச் சராசரியை ஏற்கவில்லை. நோயாளிகள் துப்பிய சளியை அவர் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சிலருடைய சளியில் ஈசினோஃபில் எனப்படும் வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன. சிலருடையதில் அவை இல்லை. ஈசினோஃபில் இருந்தவர்களுக்கு பிரெட்னிசோலோன் கேட்டது. இல்லாதவர்களுக்குக் கேட்கவில்லை. 1958-இல் லான்செட் இதழில் இதை அவர் எழுதினார். ஸ்டீராய்டு யாருக்கு வேண்டும், யாருக்கு வீண் என்று பிரித்துச் சொல்லும் ஒரு சோதனை, செலவே இல்லாமல், ஒரு கண்ணாடித் தகட்டில் கிடைத்துவிட்டது. பெரும்பாலான மருத்துவமனைகள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

மாத்திரையின் விலையை நோயாளிகளின் உடல் செலுத்தத் தொடங்கியிருந்தது. முகம் வீங்கி வட்டமாகும். தோல் மெலிந்து, லேசாகப் பட்டாலே கன்றிப்போகும். எலும்பு வலுவிழந்து முதுகெலும்பு நொறுங்கும். கண்புரை, சர்க்கரை நோய், ரத்தக் கொதிப்பு வரும். குழந்தைகளுக்கு வளர்த்தி நின்றுபோகும். இவை கண்ணுக்குத் தெரிந்தவை. தெரியாமல் நடந்தது அட்ரீனலின் சுருக்கம். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் இந்தச் சுரப்பி, மூளையடியிலுள்ள பிட்யூட்டரியின் உத்தரவுப்படி தினமும் கார்ட்டிசாலைச் சுரக்கிறது. ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்கு ஈடான அளவு அது. வெளியிலிருந்து அதற்கு மேல் வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி உத்தரவிடுவதை நிறுத்திவிடும். வேலையற்ற அட்ரீனல் மெல்லச் சுருங்கும். அந்த நிலையில் மாத்திரையைச் சட்டென நிறுத்தினாலோ, காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ வந்தாலோ, உடலுக்குத் தேவையான கார்ட்டிசாலைச் சுரக்க ஆள் இருக்காது. கார்ட்டிசோன் எடுத்துவந்த ஒரு மூட்டுவாத நோயாளி இடுப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் அதிர்ச்சி நிலைக்குப் போய் இறந்ததும், அவருடைய அட்ரீனல்கள் சுருங்கிக் கிடந்ததும் 1952-இலேயே அமெரிக்க மருத்துவ இதழில் பதிவாயின. பிரிட்டனில் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கு ஒரு நீல அட்டை கொடுக்கும் வழக்கம் வந்தது. மருந்தைத் திடீரென நிறுத்தக் கூடாது, எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த அட்டையைக் காட்ட வேண்டும் என்பது அதன் சாரம்.

ஆகவே குறைப்பது என்றால் இரண்டு வேலை. நோய் திரும்பாமல் பார்க்க வேண்டும். உறங்கிப்போன சுரப்பியையும் எழுப்ப வேண்டும். 1965-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இரண்டாவது வேலை எவ்வளவு மெதுவானது என்று காட்டியது. நீண்டகால ஸ்டீராய்டை நிறுத்தியபின் முதலில் பிட்யூட்டரி விழிக்கிறது. அட்ரீனல் அதற்கும் பின்னால்தான் எழுகிறது. முழுமையாகத் தேற ஒன்பது மாதம்கூட ஆகலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் மட்டும் மாத்திரை கொடுக்கும் முறை 1963 முதல் புழக்கத்துக்கு வந்ததும் இந்தச் சுரப்பியை மனத்தில் வைத்துத்தான். லேசான நோய்க்கு அது உதவியது. கடும் ஆஸ்துமாக்காரர்களில் பலருக்கு மாத்திரை இல்லாத நாளில் இளைப்பு வந்துவிட்டது.

பெரிய திருப்பம் 1972-இல் வந்தது. ஸ்டீராய்டை நேரே மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் எண்ணம் புதிதல்ல. 1950-களிலேயே முயன்று தோற்றிருந்தார்கள். அப்போதைய மருந்துகள் மூச்சுக்குழாயில் போதிய வேலை செய்யவில்லை. வேலை செய்தவை ரத்தத்தில் கலந்து மாத்திரையைப் போலவே கேடு செய்தன. தோல் களிம்புகளுக்காக உருவான பெக்ளோமெத்தசோனுக்கு இரண்டு நல்ல குணங்கள் இருந்தன. பட்ட இடத்தில் வீரியம் அதிகம்; விழுங்கப்பட்ட பகுதியைக் கல்லீரல் பெருமளவு சிதைத்துவிடும். அதை மனிதர்களில் சோதித்தவர் அதே மாரோ பிரவுன். 60 நோயாளிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. அவர்களில் மாத்திரையை நம்பியிருந்தவர்களில் பெரும்பாலோர் இன்ஹேலருக்கு முழுமையாக மாறினார்கள். ஓர் அழுத்தத்துக்கு 50 மைக்ரோகிராம். ஒரு நாள் முழுவதற்கும் 400 மைக்ரோகிராம். மில்லிகிராம் கணக்கில் விழுங்கிய மருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு அலகுக்கு இறங்கியது. தொண்டையில் வெள்ளைப் பூஞ்சை படிவது போன்ற சிறு தொல்லைகள் இருந்தாலும், பல்லாயிரம் பேரின் எலும்பையும் கண்ணையும் காத்த மருந்து இது.

மகிழ்ச்சியில் சிலர் அவசரப்பட்டார்கள். இன்ஹேலர் கையில் வந்துவிட்டது என்று மாத்திரையை வேகமாக நிறுத்தியதில், அட்ரீனல் விழிக்காத நிலையில் உயிரிழப்புகள் நேர்ந்தன. மாத்திரையிலிருந்து இன்ஹேலருக்கு மாறும்போதும் மாறிய பின்னும் நேர்ந்த இந்த மரணங்களைப் பற்றிய எச்சரிக்கை, இன்றுவரை இந்த மருந்துகளின் குறிப்பேட்டில் இடம்பெறுகிறது. மாத்திரை அதுவரை அடக்கி வைத்திருந்த மூக்கு ஒவ்வாமையும் கரப்பானும் வெளியே வந்தன. சிலருக்கு ரத்தக் குழாய் அழற்சியே வெளிப்பட்டது.

இன்ஹேலருக்கும் அடங்காத ஒரு சிறு கூட்டம் மிஞ்சியது. தினமும் 10, 20 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் இல்லாமல் நடமாட முடியாதவர்கள் இவர்கள். இவர்களுக்காக மெத்தோட்ரெக்சேட், தங்க உப்பு, சைக்ளோஸ்போரின் என்று வேறு நோய்களின் மருந்துகளையெல்லாம் இரவல் வாங்கிப் பார்த்தார்கள். மாத்திரை சிறிது குறைந்தது. கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் வந்த ஆபத்தோடு ஒப்பிட்டால் அந்த ஆதாயம் போதவில்லை.

ஈசினோஃபில்களைப் பெருக்கி வாழவைக்கும் இன்டர்லூக்கின்-5 என்ற புரதத்தை 1980-களில் அடையாளம் கண்டார்கள். அதைத் தடுக்கும் எதிர்ப்புரதமாக மெப்போலிசுமாப் உருவானது. 2000-இல் லேசான ஆஸ்துமா உள்ள 24 பேருக்குக் கொடுத்தபோது ரத்தத்தில் ஈசினோஃபில் மளமளவென்று குறைந்தது. ஆஸ்துமாவில் மாற்றமே இல்லை. 2007-இல் 362 பேரிடம் செய்த ஆய்விலும் அதே ஏமாற்றம். மருந்து பயனற்றது, ஈசினோஃபிலுக்கும் ஆஸ்துமாவுக்கும் பெரிய தொடர்பில்லை என்று பலர் முடிவுகட்டினார்கள். தவறு மருந்தில் இல்லை, ஆளைத் தேர்ந்ததில் இருந்தது. யாருடைய சளியில் ஈசினோஃபில் இருக்கிறது என்று பார்க்காமலே அவர்களைச் சேர்த்திருந்தார்கள்.

கனடாவின் ஹாமில்டனில் ஃப்ரெடி ஹார்கிரீவும் அவருடைய குழுவினரும் சளியைப் பார்க்கும் பழக்கத்தை விடாமல் வைத்திருந்தார்கள். நோயாளி உப்புநீர் ஆவியை உள்ளிழுத்துச் சளியை இருமி எடுப்பார். அதைக் கரைத்து, சுழற்றி, தகட்டில் படியவைத்துச் சாயமேற்றி, நானூறு அணுக்களை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். நூற்றுக்கு மூன்றுக்கு மேல் ஈசினோஃபில் இருந்தால் அழற்சி அடங்கவில்லை என்று பொருள். இந்தக் குழுவைச் சேர்ந்த பரமேஸ்வரன் நாயர், மாத்திரை எடுத்தும் சளியில் ஈசினோஃபில் குறையாத 20 பேரை மட்டும் தேர்ந்தெடுத்தார். 9 பேருக்கு மெப்போலிசுமாப். 11 பேருக்கு மருந்தில்லாப் போலி ஊசி. மருந்து பெற்றவர்களின் மாத்திரை, குறைக்கத் திட்டமிட்ட அளவில் சராசரியாக 83.8 சதவீதம் குறைந்தது. போலி ஊசிக்காரர்களுக்கு 47.7 சதவீதம். போலி ஊசிக் குழுவில் 12 முறை நோய் முற்றியது. மருந்துக் குழுவில் ஒரே முறை. 2009-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில், இங்கிலாந்தின் லெஸ்டர் குழுவினரின் ஆய்வோடு ஒரே இதழில் இது வந்தது. டார்பியில் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னதற்கும் இதற்கும் இடையில் 51 ஆண்டுகள். இருபது பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு முந்நூறு பேரின் ஆய்வு சொல்லாததைச் சொல்லிவிட்டது.

அதன்பின் வேகம் கூடியது. 2014-இல் 135 பேரிடம் நடந்த சிரியஸ் ஆய்வில் மெப்போலிசுமாப் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தது. 2017-இல் பென்ராலிசுமாப் என்ற மற்றோர் ஊசி 75 சதவீதம் குறைத்தது. போலி ஊசியில் 25. 2018-இல் டுபிலுமாப் என்ற ஊசி 70 சதவீதம் குறைத்தது. போலி ஊசியில் 42. போலி ஊசிக்காரர்களின் எண்களையும் கவனிக்க வேண்டும். புது மருந்து எதுவும் பெறாமலே, முறையாகக் கண்காணித்துக் குறைத்ததால் மட்டும் அவர்களின் மாத்திரையும் கணிசமாக இறங்கியது. பலர் ஆண்டுக்கணக்கில் தேவைக்கு மேல் விழுங்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் குறைத்துப் பார்க்கவில்லை என்பதே இதற்குப் பொருள்.

எல்லா ஊசியும் வெல்லவில்லை. டெசெபெலுமாப் என்ற ஊசி மாத்திரையைக் குறைக்கிறதா என்று பார்த்த சோர்ஸ் ஆய்வு 2022-இல் எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. அதே ஆண்டு வந்த பொனென்டே ஆய்வு பழைய பிரச்சினையை மறுபடி முன்னால் நிறுத்தியது. பென்ராலிசுமாப் பெற்ற 598 பேரில் ஏறக்குறைய 63 சதவீதம் பேர் மாத்திரையை முற்றிலும் விட்டார்கள். 5 மில்லிகிராம் வரை வேகமாக இறக்கினார்கள். அதற்குக் கீழே காலையில் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு பார்த்துப் பார்த்துத்தான் படியிறங்கினார்கள். முதல் சோதனையிலேயே சுமார் 60 சதவீதம் பேருக்கு அட்ரீனல் முழுமையாக வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. ஆஸ்துமா அடங்கியிருந்தும் சுரப்பி அடங்கியே கிடந்தது. சோர்வு, உடல்வலி, குமட்டல் என்று வரும் அட்ரீனல் குறைபாட்டை ஆஸ்துமா திரும்பியதாக எண்ணி மாத்திரையைக் கூட்டிவிடும் தவறு எளிதில் நேரும். கார்ட்டிசால் சோதனை அதைத் தடுக்கிறது.

உலக ஆஸ்துமா வழிகாட்டியான ஜினா, தினசரி மாத்திரையை இப்போது கடைசி வழியாக, அதுவும் நாளுக்கு 7.5 மில்லிகிராமுக்கு மிகாமல் வைக்கிறது. இடையிடையே ஐந்து நாள், ஏழு நாள் என்று எடுக்கும் மாத்திரைகளும் கணக்கில் சேர்கின்றன. வாழ்நாளில் மொத்தம் ஒரு கிராமை எட்டினாலே எலும்பு மெலிவும் சர்க்கரையும் கூடுகின்றன என்று பெரிய அளவிலான மருத்துவப் பதிவுகள் காட்டியுள்ளன. நாளுக்கு 40 மில்லிகிராம் வீதம் ஐந்து நாள் எடுத்தால் 200 மில்லிகிராம்; அப்படி ஐந்து முறை எடுத்தால் ஒரு கிராம் முடிந்தது.

புதிய ஊசிகளின் விலை பெரும்பாலோருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. ஈசினோஃபில் எண்ணிக்கையோ சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே கிடைக்கிறது. தினமும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அந்த எண்ணிக்கையைப் பார்த்து, காலைக் கார்ட்டிசாலையும் சோதித்து, படிப்படியாகக் குறைக்க முடியுமா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.