திண்ணைப் பள்ளியில் பின்னக் கணக்கு

இன்று நான்காம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் பின்னக் கணக்கை, இருநூறு ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதே வயதில் வாய்ப்பாடாகவே ஒப்பித்தார்கள். மணலில் விரலால் எழுதிப் பழகி, அரிச்சுவடி முடித்து, ஓலையும் எழுத்தாணியும் கைக்கு வந்த பிறகு பிள்ளை எடுக்கும் அடுத்த சுவடி எண்சுவடி. முழு எண்களின் பெருக்கல் வாய்ப்பாடு அதில் உண்டு. அதற்கு இணையாகப் பின்னங்களின் வாய்ப்பாடும் விரிவாக இருந்தது. முழு எண்ணை மேல்வாய் இலக்கம் என்றும், ஒன்றுக்குக் கீழ்ப்பட்டதைக் கீழ்வாய் இலக்கம் என்றும் பிரித்தார்கள்.

கீழ்வாய் இலக்கத்தில் மேலே ஓர் எண், கீழே ஓர் எண் என்ற எழுத்துமுறை கிடையாது. ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப் பெயர், தனிக் குறி. பள்ளி வாய்ப்பாட்டில் மிகச் சிறியது முந்திரி, அதாவது 1/320. அதை இரட்டித்தால் அரைக்காணி 1/160. மறுபடி இரட்டித்தால் காணி 1/80. அடுத்தது அரைமா 1/40. அதற்கடுத்தது மா 1/20. இது ஒரு வரிசை. முழு ஒன்றைப் பாதி பாதியாக வகுத்துக்கொண்டே இறங்கும் அரை, கால், அரைக்கால், மாகாணி 1/16 என்பது இன்னொரு வரிசை. இருபதில் ஒன்றாக நடக்கும் கணக்கும் பதினாறில் ஒன்றாக நடக்கும் கணக்கும் சந்திக்கும் இடம் எண்பது. அதனால்தான் மாவும் காணியும் சேர்ந்தால் மாகாணி: 1/20, 1/80 இரண்டையும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. கூட்டலின் விடை பெயருக்குள்ளேயே இருக்கிறது. வேறு பகுதி எண் கொண்ட பின்னங்களைக் கூட்ட இன்றைய மாணவர் மீச்சிறு பொது மடங்கு தேட வேண்டியிருக்கிறது. அன்றைய பிள்ளைக்கு அந்த வேலையைப் பெயர்களே செய்து கொடுத்தன. நுட்பமான ஏற்பாடு இது.

இந்தப் பகுப்பு பள்ளிக்கூடத்தில் பிறந்ததன்று. காவிரிக் கரையில் இருபது மா நிலம் ஒரு வேலி; நூறு குழி ஒரு மா. ஒரு மா நிலம் என்பதே வேலியில் இருபதில் ஒரு பங்குதான். காணி என்பது எண்பதில் ஒரு பங்கு. நிலத்தைக் கோலால் அளந்து, நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் குழி கிடைக்கும். அந்தப் பெருக்கலுக்கென்றே குழிமாற்று என்ற வாய்ப்பாடு இருந்தது. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் நில அளவு முந்திரியோடு நிற்பதில்லை. ஒரு முந்திரியை மறுபடி 320 கூறாக்கினால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் ஒரு பங்கு. அதற்கும் கீழே இன்னும் அடுக்குகள் போகின்றன. வரிக்கணக்கு எழுதியவர்களுக்கு இவை அன்றாடப் புழக்கம்.

நெல்லுக்கு வேறொரு சுவடி, நெல்லிலக்கம். 360 நெல் ஒரு செவிடு, ஐந்து செவிடு ஒரு ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு; இரண்டு உழக்கு ஒரு உரி; இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி குறுணி, இரண்டு குறுணி பதக்கு, இரண்டு பதக்கு தூணி, மூன்று தூணி கலம். களத்தில் நெல் அளந்து, வாரமும் கூலியும் பிரிக்கும் ஊரில் இதில் தடுமாறுகிறவன் ஏமாறுவான். கோயில் கணக்கு, கடைக் கணக்கு, கர்ணத்தின் ஏடு ஆகிய எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்பட்டது. பாடத்திட்டத்தை வகுத்தது அந்தத் தேவைதான். மேற்கொண்டு படித்தவர்கள் காரிநாயனாரின் கணக்கதிகாரம் போன்ற நூல்களுக்குப் போனார்கள்.

கற்பித்த முறை முழுவதும் வாயும் செவியும். ஒருவன் முறை சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களைக் கவனிப்பான். சென்னை எழும்பூர் ஆண் அநாதை விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் விடுதிக்குக் கொண்டுவந்தார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையையும் சேர்த்து 1797இல் லண்டனில் அவர் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. திண்ணையில் கொடுமையும் இருந்தது. பல்லாரி மாவட்ட ஆட்சியர் கேம்பல் 1823இல் எழுதிய அறிக்கையின்படி, காலையில் முதலில் வருபவன் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர் எழுதப்படும்; மூன்றாவதாக வருபவனிலிருந்து அடி ஏறிக்கொண்டே போகும். பெரிய குற்றத்துக்குக் கோதண்டம், அதாவது கூரையிலிருந்து கயிற்றில் தொங்கவிடும் தண்டனை.

ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் தொடங்கிய கணக்கெடுப்பில் சென்னை மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் பதிவாயினர். அவர்களில் பெண்பிள்ளைகள் 4,540 பேர் மட்டுமே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான ஊர்களில் திண்ணை எட்டவே இல்லை. இவ்வளவு கூர்மையான கணக்கு ஊரில் பாதிக்கு மேற்பட்டோருக்கு மறுக்கப்பட்டிருந்தது என்பதையும் சேர்த்தே இந்த வரலாற்றைச் சொல்ல வேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அரசு மானியமும் ஆய்வாளர் வருகையும் வந்தன. ஓலை போய்ச் சிலேட்டு வந்தது. அச்சுப் புத்தகத்தின் கணக்கில் தேறும் பிள்ளைகளுக்கே மானியம் என்றானபோது திண்ணை வாத்தியார்கள் அந்தக் கணக்குக்கு மாறினார்கள். ஆயினும் கடைத்தெருவில் கீழ்வாய் இலக்கம் நெடுநாள் உயிரோடு இருந்தது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா இருந்தவரை ஓரணா என்பது மாகாணி ரூபாய், இரண்டணா அரைக்கால் ரூபாய். 1957 ஏப்ரல் 1 அன்று நூறு நயா பைசா கணக்கு நடைமுறைக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிலோவும் லிட்டரும் மீட்டரும் படியையும் முழத்தையும் தள்ளின. நூறில் ஒன்றாகப் பிரிக்கும் உலகில் முந்திரிக்கும் காணிக்கும் வேலையில்லாமல் போனது. அரை, கால், முக்கால் மட்டும் பேச்சிலும் பாடத்திலும் நின்றன. மற்றவற்றின் குறிகள் சுவடிகளிலும் கல்வெட்டுகளிலும் தங்கிவிட்டன. 2019இல் வெளியான ஒருங்குறி 12.0 பதிப்பில் அவற்றுக்கும் இடம் கொடுக்கப்பட்டது; இன்று அவற்றைக் கணினியில் எழுத முடியும்.